ஆறாவது தப்படி

2009 பிப்ரவரி பத்தாம் தேதி செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு, இந்தோனேசியாவின் மேடான் நகரத்து யாப் வீட்டின் சமையலறையில் லீ சியூ ஹோங் செத்துப்போனார். அப்போது அவர் இஞ்சி நசுக்கிக்கொண்டிருந்தார். நசுக்கி முடித்து, அதைக் கோழியில் போட்டு, அடுப்பைத் தணித்துவிட்டுத்தான் கூடத்துக்கு வந்து என்ன நடந்தது என்று பார்த்தார். வயது ஐம்பத்தாறு. நோய் எதுவும் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கல்யாணம்.

கெசவான் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் யாப் வீடு ஒன்றுதான் பழையது. புகையிலைத் தோட்டங்களுக்கு மாட்டுவண்டி விட்டுச் சம்பாதித்த யாப் போ லியாங் 1903இல் கட்டியது. அவருடைய கடைசிப் பேரன் யாப் தியாம் ஹோவுக்குத்தான் சியூ ஹோங் வாழ்க்கைப்பட்டார். நாலு வருஷக் குடித்தனம். அந்த நாலு வருஷத்தில் தியாம் ஹோ மனைவியிடம் பேசியதைவிட லாரியிடம் பேசியது அதிகம். 1979இல் முட்டைக்கோஸ் ஏற்றிய அதே லாரியோடு சிபோலாங்கித் வளைவில் உருண்டார். செத்தவருக்காக வைத்துக் கும்பிடும் பெயர்ப்பலகையைப் பக்கத்து ஊரான பிஞ்சாயில் ஒரு நாற்காலித் தச்சனிடம் ரகசியமாகச் செதுக்கி வாங்கினார்கள், ஏனென்றால் அந்தக் காலத்தில் சீன எழுத்தை வெளியே காட்டக் கூடாது என்று அரசாங்கத் தடை இருந்தது. வழக்கப்படி ஒரே பலகையில் கணவன், மனைவி இரண்டு பேர் பெயரும்: இடப்பக்கம் செத்தவர், வலப்பக்கம் மிச்சமிருப்பவர். மிச்சமிருப்பவர் பெயரின் மேல் சிவப்புக் காகிதத்தை அரிசிப் பசையால் ஒட்டிவிடுவார்கள். அவர் சாகும் நாளில் அதை எடுப்பார்கள், அதற்கு முன் எடுப்பதில்லை. இதை யாரும் யாருக்கும் உட்கார்ந்து சொல்லித் தந்ததில்லை. சிவப்பு இருந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

யாப் குடும்பத்தில் மற்றவர்கள் ஒவ்வொருவராக ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போய்விட்டார்கள். சியூ ஹோங் மட்டும் இருந்து, காலையும் மாலையும் பலகைகளுக்கு ஊதுபத்தி கொளுத்தினார். சந்து முழுக்க அவரை ஆசோ, அதாவது அண்ணி, என்றே கூப்பிட்டது. வீட்டு வாசலிலிருந்து சரியாகப் பதினோரு தப்படி எதிரே காப்பிக்கடை வைத்திருந்த அபெங்கும் அப்படித்தான் கூப்பிட்டார். அபெங் கல்யாணம் ஆகாதவர், பேச்சு குறைவு, காப்பி நன்றாகப் போடுவார். 1988இல் ஒருநாள், தன்னைக் கட்டிக்கொள்ள முடியுமா என்று ஆசோவிடம் கேட்டார். ஊதுபத்தி யார் கொளுத்துவது என்று ஆசோ திருப்பிக் கேட்டார். அபெங் திரும்பிப் போய்க் கடையின் பலகைக் கதவுகளைத் திறந்தார். அதற்குப் பிறகு இருபது வருஷம் தினமும் மூன்று மணிக்கு ஒரு காப்பி எதிர்வீட்டுக்குப் போனது, காலிக் கோப்பை கழுவித் திரும்பி வந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

2008இல் பெர்த்திலிருந்த தியாம் ஹோவின் அண்ணன் மகன் வீட்டை நகரத்தின் பழமைப் பாதுகாப்புக் குழுவிடம் ஒப்படைத்தான். பத்திரத்தில் ஒன்பதாவது ஷரத்து, இருவேளை ஊதுபத்தி கொளுத்துவது இனிக் குழுவின் பொறுப்பு என்றது. ஆசோ அந்த ஷரத்தை இரண்டு முறை படித்தார். வீட்டில் குடியிருக்கும் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். சந்தைக் கடந்து காப்பிக்கடைக்கு வந்தார்.

"இனிமே ஊதுபத்தி அவங்க பாடு. நீ தேதி பாரு" என்றார்.

அபெங் அன்றைக்கு ஒரே கோப்பையில் மூன்று முறை சர்க்கரை போட்டதாகக் கடையில் இருந்தவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் அதோடு விடவில்லை. "கல்யாணத்துக்கு அப்புறமும் ஆசோன்னுதான் கூப்பிடுவியா அபெங்?" என்று ஒருவர் கேட்டார். வேறு எப்படிக் கூப்பிடுவது என்றார் அபெங். "முதல்ல 'ஏன்டி'ன்னு ஆரம்பி. அவங்க செருப்பைக் கழட்டுவாங்க. எங்க நிறுத்தணும்னு அப்புறம் உனக்கே தெரியும்." அபெங் சிரித்துக்கொண்டே அவருக்குச் சர்க்கரையே இல்லாமல் கொடுத்தார்.

வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலை எர்வின் லெஸ்மானா என்ற கட்டிடக்கலைஞனிடம் வந்தது. முப்பத்தொரு வயது, நல்ல பையன், நம்ம சீனப் பிள்ளைதான். சீனப் பள்ளிக்கூடங்களை மூடிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவன், அதனால் அவனுக்கு ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது. அவன் வயதில் யாருக்கும் தெரியாது. ஆனால் எழுத்துகளை எப்படியெல்லாம் மறைத்து வைத்தார்கள் என்பது மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரியும். வாசல் நிலைக்கு மேலே பூசியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டினான், கீழே தங்க எழுத்து வந்தது. தூணில் அடித்திருந்த தகரத்தைப் பெயர்த்தான், அங்கேயும் எழுத்து. ஒரு கதவில் 1967ஆம் வருஷத்துச் செய்தித்தாளை ஒன்பது அடுக்கு உரித்தான். ஆறு மாதம் இதே வேலை. ஒவ்வொரு எழுத்து வெளியே வரும்போதும் அவன் கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்ப்பான். கடைசியில் பூஜை மேடைக்கு வந்தான். ஒரு பலகையில் பாதிப் பெயரைச் சிவப்புக் காகிதம் மறைத்திருந்தது. பயந்த காலத்தில் யாரோ ஒட்டியது என்று எடுத்துக்கொண்டான். வெந்நீரும் மூங்கில் சீவலும் வைத்து நாற்பது நிமிஷம், மரத்தில் ஒரு கீறல்கூட விழாமல், பதினொன்றரை மணிக்கு உரித்து முடித்தான்.

சமையலறையிலிருந்து ஆசோ கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். எர்வின் முகமெல்லாம் சிரிப்பு.

"ஆன்ட்டி, எழுத்தைப் பாருங்க. புதுசு மாதிரியே இருக்கு! இத்தனை வருஷம் மூடியே வச்சிருக்காங்க."

ஆசோ பலகையைப் பார்த்தார். பிறகு தன் கையை முகர்ந்து பார்த்தார். இஞ்சி வாசனை இல்லை.

"தம்பி, அது என் பேரு. என்னைக் கொன்னுட்டியே" என்றார்.

அன்று மதியம் கோழி அவர் வாயில் ஈரத்துணி போல இருந்தது. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, புகை கிண்ணத்தின் மேல் ஒருமுறை போன பிறகு உப்பும் இஞ்சியும் திரும்பி வந்தன. அதற்குப் பிறகு அவர் அப்படித்தான் சாப்பிட்டார். வியாழக்கிழமை, ஏற்கனவே பேசியபடி, பெட்டியோடு வாசலுக்கு வந்தார். எதிரே அபெங் சலவைச் சட்டை போட்டு நின்றார். ஆசோ பெட்டியை உயரமான வாசற்படிக்கு வெளியே வைத்தார், அது அங்கேயே நின்றது. வலது காலைத் தூக்கி வெளியே வைத்தார், கால் கூடத்தின் உள்ளே, மேடைக்கு முன்னால் ஊன்றியது. திரும்ப நடந்து வந்தார். இடது காலை வைத்தார். குதித்தும் பார்த்தார். பின்னால் நடந்து பார்த்தார். நாற்பது தடவைக்கு மேல் எண்ணுவதைச் சந்து விட்டுவிட்டது. கடைசியில் அபெங் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய், கடையில் டப்பாப் பால் அடுக்கும் தட்டின் மேல் வைத்தார்.

"எனக்கு ஒரு தலைவலிகூட இல்லையே அபெங்" என்று ஆசோ உள்ளே இருந்து சத்தம் போட்டார்.

"தெரியும் ஆசோ. நீங்க கொஞ்சம் உக்காருங்க."

"உக்காந்து என்ன பண்ண? செத்தவளுக்கு ஓய்வு எதுக்கு?"

கல்யாணத்துக்கென்று சிவப்பு உறையில் மொய் கொடுத்தவர்களுக்குக் குழப்பம் வந்தது. இரண்டு நாள் யோசித்தார்கள். பிறகு பாதிப்பேர் சிவப்பு உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அதே நோட்டைச் சாவுக்குக் கொடுக்கும் வெள்ளை உறையில் போட்டுக் கொடுத்தார்கள். மீதிப்பேர் எதையும் திருப்பிக் கேட்காமல் சந்தில் குனிந்து நடந்தார்கள்.

குழுவின் தலைவி தியுர் சியாகியான் மலைப்பக்கத்துப் பாத்தாக் இனப் பெண்மணி, குரல் அவருக்கு முன்னால் வாசலுக்கு வந்துவிடும். வீட்டில் யாரும் குடியிருக்கக் கூடாது என்பது விதி. ஆசோ கையெழுத்தும் போட்டிருக்கிறார். இரண்டு காவலாளிகள் ஆசோவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினார்கள். வெளியே வந்தது காலி நாற்காலி. ஆசோ சமையலறையிலிருந்து, அந்த நாற்காலி பத்திரம், கால் ஆடும் என்றார். மூன்று முறை இப்படி ஆன பிறகு தியுர் அம்மாள் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்தார். "பட்டியல்ல நானூத்திப் பன்னெண்டு பொருள் இருக்கு. உங்களை எதுலம்மா நான் சேர்க்கிறது?" என்று கேட்டார். கடைசியில் நானூற்றுப் பதின்மூன்றாவதாக எழுதினார்கள்: 'வீட்டோடு சேர்ந்தது, பெயர்க்க இயலாதது.' வீடு அருங்காட்சியகமாகத் திறந்தது, நுழைவுச்சீட்டு முப்பத்தைந்தாயிரம் ருப்பியா, மாணவர்களுக்குப் பாதி. பார்க்க வருகிறவர்கள் ஆசோவை வேஷம் கட்டி நிற்கும் ஊழியர் என்று நினைத்துப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படங்களில் அவர் பதிந்தார். முகம் மட்டும் எப்போதும் எதிர்ப்பக்கம், காப்பிக்கடையைப் பார்த்தபடி இருந்தது.

ஏப்ரல் மாதம் கூடத்தில் கிராம்புச் சிகரெட் வாசனை வந்தது. காவலாளிக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அவன் புகைபிடிக்கிறவன் இல்லை. ஆசோதான் மூன்று மணிக் காப்பியை வாங்கும்போது அபெங்கிடம் மெதுவாகச் சொன்னார்: "அவர் வந்துட்டார். இடது நாற்காலில உக்காந்திருக்கார்."

"பேசுறாரா?"

"எப்பப் பேசினார், இப்பப் பேச? இருமறார். சோறு வைன்னு அர்த்தம்."

ஆக ஆசோ மறுபடி தியாம் ஹோவின் மனைவி ஆனார். முதல் கிண்ணம் இடது நாற்காலிக்கு. அந்தச் சோறு ஒரு மணி நேரத்தில் காய்ந்து மணலாகும். அபெங் இதைக் கேட்டுவிட்டு அன்று கடையை நாலு மணிக்கே மூடினார்.

காகிதத்தைத் திரும்ப ஒட்டினால் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எர்வின் கவனமானவன், உரித்த காகிதத்தைப் பையில் போட்டு எண் எழுதி, சாயம் எந்தக் காலத்தது என்று பார்க்கத் தலைநகருக்கு அனுப்பியிருந்தான். அங்கே சோதனையில் அது கரைந்துவிட்டது. முடிவு மட்டும் வந்தது: சாதாரணச் சிவப்புச் சாயம். புதுக் காகிதம் ஒட்ட அனுமதி கேட்டுத் தலைநகரத்துப் பதிவேட்டு அலுவலகத்துக்கு மனுப் போட்டார்கள். பதிவேட்டில் இருக்கும் புகைப்படத்தில் பலகையில் காகிதம் இல்லை, எனவே காகிதம் இல்லாததே அசல் நிலை, அசல் நிலையில் எதையும் சேர்ப்பது சேதம் என்று பதில் வந்தது. மறுபடி மனு. காகிதம் ஒட்டிய ஒரு நகல் பலகையைப் பக்கத்தில் வைக்கலாமே என்று அங்கிருந்து ஒரு கடிதம். நகலுக்கு யாருடைய உயிர் வரும் என்று அபெங் கேட்டதைத் தியுர் அம்மாள் அப்படியே பதிலாக எழுதி அனுப்பினார். அது கோப்பிலேயே இருக்கிறது. இப்படி ஆறு வருஷம் போனது. எர்வின் மாதம் ஒருமுறை தவறாமல் வருவான். சனிக்கிழமைகளில் சீன எழுத்து வகுப்புக்குப் போனான். 2015இல் ஒருநாள் மேடைக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொடாமல் காட்டி, சத்தமாகப் படித்தான்: லீ, சியூ, ஹோங்.

"நல்லாப் படிக்கிறே. ஆறு வருஷம் முன்னாடி படிச்சிருக்கலாம்" என்றார் ஆசோ.

அவன் அழுதான். ஆசோ அவனுக்குப் பிஸ்கட் கொடுத்தார். புகை காட்டாதது, அவன் சாப்பிடக்கூடியது.

2016இல் அனுமதி வந்தது, ஏழு முத்திரைகளோடு. பெர்த்திலிருந்து அந்த அண்ணன் மகனை வரவழைத்தார்கள், யாப் வீட்டு ஆண் கைதான் ஒட்ட வேண்டும் என்பதால். அவன் ஒட்டினான். கையை எடுத்ததும் காகிதம் ஒரு இலை போலக் கீழே வந்தது. அரிசிப் பசை, கோந்து, கடைசியில் மேசை ஒட்டும் பசைகூடப் போட்டுப் பார்த்தார்கள். மேசைப் பசையில் அவன் விரல்கள்தான் ஒட்டிக்கொண்டன. சடங்கு செய்யும் கிழவர், சைகோங், ஓரமாக நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "காகிதத்தை எடுக்கிறதுக்கு மந்திரம் இருக்கு. திரும்ப ஒட்டுறதுக்கு எங்க அப்பா காலத்திலயும் யாரும் கேட்டதில்லை. செத்தவங்க திரும்பி வர ஆரம்பிச்சா முதல்ல என் பிழைப்புதானே போகும்?"

அதற்குப் பிறகு யாரும் மனுப் போடவில்லை. அண்ணன் மகன் விமானம் ஏறினான். அபெங்குக்கு முன்பல் இரண்டு போனது, முழங்கால் வீங்கியது, காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு பதினோரு தப்படி நடக்க அவர் நடுவில் ஒருமுறை நின்றார். ஆசோவுக்கு அதே ஐம்பத்தாறு, காதோரம் அதே ஏழெட்டு நரை. "நீ இப்படியே கிழவனாகிட்டே போ, நான் இங்கேயே நின்னு பார்க்கிறேன்" என்று ஒருநாள் எரிச்சலாகச் சொன்னார். வேறு யாரைத் திட்டுவது என்று அவருக்கும் தெரியவில்லை.

2019இல் அபெங் சைகோங்கைத் தேடிப்போய், செத்த பெண்ணைக் கட்டிக்கொள்ள வழி உண்டா என்று கேட்டார். சைகோங் முகம் மலர்ந்தார். "அதைச் சொல்லு! அது எங்க பழைய சரக்கு. உயிரோட இருக்கிறவங்களைச் சேர்த்து வைக்கிறதுதான் கஷ்டம்." வழி எளிது. ஒரு பலகை, இரண்டு பெயர். செத்தவள் பெயர் வெறுமனே, இருக்கிறவன் பெயர் சிவப்புக் காகிதத்தின் கீழே. பலகையைக் காப்பிக்கடையில் வைக்கலாம், அது எந்தப் பதிவேட்டிலும் இல்லாத இடம். ஒரே ஒரு சிக்கல்: முதல் கணவனிடம் கேட்க வேண்டும்.

கேட்டார்கள். திங்கட்கிழமை, பார்வையாளர் இல்லாத நாள். பிறைபோல் வெட்டிய இரண்டு மரத்துண்டுகளைச் சைகோங் இடது நாற்காலிக்கு முன்னால் போட்டார். ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால் சம்மதம், இரண்டும் கவிழ்ந்தால் மறுப்பு, இரண்டும் மல்லாந்தால் செத்தவர் சிரிக்கிறார். துண்டுகள் உருண்டன, சுற்றின, இரண்டும் விளிம்பில் நின்றுவிட்டன, இரண்டு காதுகள் மாதிரி. எல்லோரும் காத்திருந்தார்கள். நாற்காலி ஒருமுறை இருமியது. துண்டுகள் விழவில்லை.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்றார் தியுர் அம்மாள்.

"பாதி சம்மதம்."

"அப்படி ஒண்ணு உண்டா?"

"நான் பார்த்ததில்லை. ஆனா அவர் அப்படித்தான் சொல்றார்."

"நாலு வருஷமும் அவர் அப்படித்தான்" என்றார் ஆசோ. "கறி வாங்கட்டுமான்னு கேட்டாக்கூட இதே பதில்தான் வரும்."

பலகையை அபெங் கடையில், பெட்டி இருந்த தட்டுக்குக் கீழே, வடக்குச் சுவரில் வைத்தார்கள். எழுத்துகளை எர்வின் எழுதிக் கொடுத்தான், பிழை இல்லை. தன் பெயர் மேலே காகிதத்தையும் அபெங் அவனையே ஒட்டச் சொன்னார். ஒட்டிக்கொண்டது. "நேரம் வரும்போது நீதான் எடுக்கணும். ஒரு நிமிஷம் முன்னாடி எடுத்தே, உன் வீட்டுக்கு வந்து உக்காந்துக்குவேன்" என்றார் அபெங். எர்வின் சிரிக்கவில்லை, தலையாட்டினான்.

மாலை ஐந்து மணிக்கு வீட்டைப் பூட்டும் மணி அடித்தது. ஆசோ வாசலுக்கு வந்து, வலது காலைத் தூக்கி, படிக்கு வெளியே வைத்தார். கால் வெளியே நின்றது. சந்து மொத்தமும் கடை வாசலில் மூச்சு விடாமல் பார்த்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவது தப்படியில், சாக்கடை மூடிக்குப் பக்கத்தில், சந்தின் நட்டநடுவில், அவர் நின்றார். ஏழாவதுக்குக் காலைத் தூக்கினார். கால் ஆறாவதிலேயே இறங்கியது. திரும்பத் தூக்கினார். பத்து வருஷத்துக்கு முன்னால் போல நாற்பது தடவை முயலவில்லை. மூன்றோடு நிறுத்திக்கொண்டார்.

"வா" என்றார் அபெங், கடை வாசலிலிருந்து. முதல்முறையாக 'வாங்க' என்று சொல்லவில்லை.

"முடியல. இவ்வளவுதான் விட்டிருக்கார்."

அபெங் மிச்சமிருந்த ஐந்து தப்படித் தரையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளையும், ஒரு காப்பியையும், ஒரு ஊதுபத்தியையும் கொண்டுவந்தார். இன்னொரு நடை போய்ப் பெட்டியைத் தட்டிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தார். ஆசோ அதை மடியில் வைத்துத் திறந்து, கல்யாணத்துக்கு வாங்கிய சட்டையை எடுத்துப் பார்த்தார். பூச்சி அரித்திருந்தது. மூடி வைத்தார். காப்பியின் மேல் புகை போனது, குடித்தார். சர்க்கரை அதிகம் என்றார். பின்னால் ஒரு முச்சக்கர வண்டி ஹார்ன் அடித்தது.

அன்றிலிருந்து தினமும் ஐந்து மணி முதல் ஆறு மணி வரை ஆறாவது தப்படியில் இரண்டு நாற்காலிகள் இருக்கின்றன. மழை ஆசோவை நனைப்பதில்லை. அபெங் மட்டும் குடை பிடித்துக்கொள்கிறார். ஆறு மணிக்கு வீட்டுக்குள்ளிருந்து இருமல் கேட்கும், ஆசோ எழுந்து போய் முதல் கிண்ணம் வைப்பார். வண்டிக்காரர்கள் கொடுத்த புகாரை விசாரித்து, 2021இல் மாநகராட்சி சந்து முனையில் ஒரு மஞ்சள் பலகை நட்டது: 'மெதுவாகச் செல்லவும். நாற்காலிகள்.' உணவு கொண்டுபோகும் பைக் ஓட்டிகள் புதிதாக வந்தால் ஒருமுறை ஹார்ன் அடிப்பார்கள். இரண்டாவது முறை அடிப்பதில்லை. பாதி பேர் இடப்பக்கமும் பாதி பேர் வலப்பக்கமும் ஒதுங்கிப் போகிறார்கள்.